என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: தேர்வில் வென்ற பிறகுதான் பெற்றோருக்கு வேலை

கேள்வி: என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதப்போகிறாள். நானும் கணவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவளுக்குப் பாடம் சொல்லித்தர எங்களால் ஆகாது. உதவித்தொகை விஷயத்தில் பெற்றோர் செய்ய ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் பள்ளியே பார்த்துக்கொள்ளுமா?

பதில்: தேர்வு நாள் வரை பள்ளி பார்த்துக்கொள்ளும். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் இணையத்தில் ஏற்றுவார், ஐம்பது ரூபாய் கட்டணத்தை வாங்கிக் கட்டுவார், நுழைவுச்சீட்டை எடுத்துத் தருவார். பல பள்ளிகளில் மாலை நேரப் பயிற்சியும் உண்டு. அதற்குப் பிறகு வரும் நான்கு ஆண்டுகள்தான் கேள்விக்குறி. ஓர் அரசுப் பள்ளியில் உதவித்தொகைப் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேர்வில் தோற்றுப் பணத்தை இழக்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வென்றுவிட்டு இழக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இழப்பைத் தடுக்கப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்களால் முடிகிற வேலை அது.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத்தை 2008ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கியது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடாமல் பன்னிரண்டு வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 6,695. முன்பு ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த தொகை 2017இல் 12,000 ஆனது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள், ஆக மொத்தம் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகள் மட்டுமே எழுதலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் பள்ளிகளுக்கு இடமில்லை. மனத்திறன் தாளில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம்.

தேர்வுக்கு முன் வீட்டார் செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் அது மற்றவர்களால் செய்ய முடியாதது. தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வருகிறது. அதற்கான பயிற்சி தீவிரமாகும் மார்கழி, தை மாதங்களில்தான் டெல்டாவில் சம்பா அறுவடை. வேறு மாவட்டங்களில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்பும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. மாலைப் பயிற்சிக்கு நில்லாமல் ஓடும் பெண் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: தம்பியைப் பால்வாடியிலிருந்து கூட்டி வர வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் உலை வைக்க வேண்டும். அந்த இரண்டு மாதங்கள் இந்த வேலைகளை வேறு யாராவது பார்க்க ஏற்பாடு செய்தாலே போதும். அண்ணன் செய்யட்டும், அவனுக்கும் கை இருக்கிறது. மனத்திறன் தாள் பழக்கத்தால் வருவது. எண் தொடர், உருவ ஒப்புமை, குறியீட்டுக் கணக்கு ஆகியவற்றைப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். அதற்கு அவளுக்குத் தேவை நேரம். பணம் கட்டிப் படிக்கும் தனிப் பயிற்சி அவசியமில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து வைத்துப் பெயர் எழுதுகிறோம், மத்திய அரசின் இணையதளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கணக்கில் ஓடுகிறது. பள்ளிப் பதிவேட்டில் ‘ரா. கவிதா’, ஆதாரில் ‘கவிதா ராமசாமி’, வங்கியில் ‘கவிதா ஆர்’ என்று மூன்று விதமாக இருந்தால், ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடுகிறாள். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று கூட்டிச் சொன்ன தேதி ஒன்று, ஆதாரில் உண்மைத் தேதி ஒன்று. எட்டாம் வகுப்பிலேயே இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, எது தவறோ அதைத் திருத்துங்கள். முடிவு வந்த பிறகு திருத்தப் போனால் ஆதார் மையத்தில் வரிசை, அலுவலகத்தில் அலைச்சல், இதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் விவரங்கள் ஏறும் ‘எமிஸ்’ இணையப் பதிவில் பெயரை மாற்றுவது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது, ஆதாரைத் திருத்த உங்களைத் தவிர யாரும் போக முடியாது. இன்னொன்று: பதினைந்து வயதில் கைரேகையும் கருவிழிப் பதிவும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் வருகிறது. பொதுத்தேர்வுப் பரபரப்பில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்ட அலுவலகத்துக்குப் போய் இணையத்தில் வந்துவிடும். செல்லுபடி ஓராண்டுதான். வேறு ஏதோ தேவைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதைக் கொண்டுவந்து நீட்டும் பெற்றோர் ஏராளம். தந்தை இறந்துவிட்ட வீடுகளில் தாயின் பெயரில் சான்று வாங்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும், பெயர் நீக்கிய குடும்ப அட்டையும் கையில் இருந்தால் வேலை சுலபம். பெற்றோர் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்க, பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்கிற வீடுகளில்தான் இது பெரிய தலைவலி. பாட்டி பள்ளிக்கு வருவார், கையெழுத்து வேண்டிய இடத்தில் அப்பா இருக்க மாட்டார். அப்படிப்பட்ட வீடுகள் ஆவணங்களின் நகல்களையெல்லாம் ஒரு பையில் போட்டு ஊரிலேயே வைத்துவிடுவது நல்லது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இந்த வேலைகளையும் முடித்துவிட்டுப் போங்கள்.

வங்கிக் கணக்கு. இதில் விழும் குழப்பம் மற்ற இரண்டையும் மிஞ்சும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். இருப்புத் தொகை கட்டாயமில்லாத கணக்காக இருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது அடையாளச் சரிபார்ப்புக்கு மட்டும். அரசுப் பணம் ஆதார் வழியாக வந்து சேர, அந்தக் கணக்கு ‘ஆதார் சீடிங்’ செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது பணம் வர வேண்டிய கணக்காக ஆதார் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். பிள்ளைக்கு இரண்டு கணக்குகள் இருந்தால் கடைசியாக எதில் சீடிங் செய்தீர்களோ அதில்தான் பணம் விழும். பள்ளியில் முகாம் போட்டு அஞ்சலக வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருப்பார்கள், பெற்றோர் தனியாக வேறு வங்கியில் ஒன்று தொடங்கியிருப்பார்கள். பணம் வரவில்லை என்று ஒரு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு புலம்புவார்கள், அது இன்னொன்றில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

கைபேசி எண்ணையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் எண்ணுக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஓ.டி.பி. வரும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிடுவார், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போயிருக்கும். வீட்டில் மாறாமல் இருக்கும் எண் எதுவோ அதையே ஆதாருக்கும் வங்கிக்கும் உதவித்தொகைக்கும் கொடுங்கள். கூடவே, ‘உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள், கியூ.ஆர். கோட் அனுப்புகிறோம்’ என்று அழைப்பவர்களை நம்பாதீர்கள். அரசுப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

இப்போது தேர்வில் வென்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வாசலில் அவள் படத்தோடு பேனர் வைப்பார்கள். பலர் அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில் தேர்வில் வென்றாள் என்ற அந்த முடிவு மட்டும் பணத்தைத் தருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒருமுறைப் பதிவு செய்து 14 இலக்க எண் ஒன்றைப் பெற வேண்டும். அந்த எண்ணைப் பிள்ளையின் நோட்டிலும் உங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்புறத்திலும் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தைப் பள்ளியும் பிறகு மாவட்ட அலுவலரும் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளியில் தேர்வு எழுதிய பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது அல்லவா? வழி தவறிப்போவது அங்கேதான். பழைய பள்ளி ‘எங்கள் பிள்ளை இல்லை’ என்று விட்டுவிடும், புதிய பள்ளிக்கு இவள் வென்றவள் என்றே தெரியாது. நூற்றுக்கணக்கான புதிய பிள்ளைகளில் ஒருத்தியாக இருப்பாள். சேர்க்கை நாளிலேயே மாற்றுச் சான்றிதழோடு தேர்வு முடிவின் நகலையும் நீட்டி, ‘இவள் என்.எம்.எம்.எஸ். தேறியவள், பொறுப்பாசிரியர் யார்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி 48,000 ரூபாயைக் காப்பாற்றும்.

அடுத்து, புதுப்பித்தல். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், தானாக நடக்காது. ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, அதாவது 500க்கு 300. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55 விழுக்காடு. இணையதளம் திறக்கும் தேதியும் மூடும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பள்ளி திறந்த மாதத்திலிருந்தே பொறுப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டிருங்கள். தொந்தரவு என்று அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாடம் நடத்துவது போக, எமிஸ் பதிவு, நலத்திட்டக் கணக்கு என்று அவர் தலையில் ஆயிரம் இருக்கும். மூன்று முறை கேட்ட தாயின் பிள்ளை அவருக்கு நினைவில் நிற்கும். கேட்காதவர்களின் பிள்ளைக்கு விண்ணப்பம் போடாமல் விடுவது நியாயமா என்றால், இல்லை. அது அமைப்பின் குறை. பெற்றோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாகவும் பகலில் ஓய்வாக இருப்பவர்களாகவும் இருப்பார்கள் என்று நினைத்து வடிவமைத்த திட்டம், யாருக்காக வந்ததோ அவர்களையே கழித்துக்கட்டுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் ஒருவர் வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதைப் பள்ளிகள் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதனால்தான், தனியாக அலைவதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டம் என்றால் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்றே பேச்சு ஓடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் இரண்டே கேள்விகளை அங்கே எழுப்பிப் பாருங்கள்: எட்டாம் வகுப்பில் தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்? முன்பு வென்றவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு புதுப்பித்திருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பல பள்ளிகளில் பதில் இருக்காது. கேட்டது பதிவேட்டில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்துக்குள் யாராவது பட்டியல் எடுப்பார்கள். வங்கிக்கோ இ-சேவை மையத்துக்கோ தனித்தனியாகப் போகாமல், ஐந்தாறு பிள்ளைகளின் தாள்களை ஒருவரே எடுத்துப் போவதும் இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசி முடிவுசெய்யக்கூடிய காரியம்தான்.

பணம் வந்த பிறகு அதை என்ன செய்வது? மாதம் ஆயிரம் என்று கணக்குச் சொன்னாலும், மொத்தமாக வரும், பெரும்பாலும் தாமதமாகவே வரும். ஆகவே அதை நம்பிப் பள்ளி திறக்கும் மாதச் செலவுக்குக் கடன் வாங்காதீர்கள். ‘படிப்புக்காக வந்த பணத்தில் அரிசி வாங்கிவிட்டார்கள்’ என்று குறைசொல்லும் ஆசிரியர்களை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பிள்ளை பள்ளிக்கு வரும். அவள் வேலைக்குப் போகாமல் பள்ளியில் இருப்பதற்கான ஈடுதான் இந்தத் தொகை. மெக்சிகோ 1997இல் புரோக்ரேசா என்ற திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளி உதவித்தொகையைத் தாயின் கையில் கொடுத்தது. உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கான தொகையைக் கூட்டியும் வைத்தது. குடும்பத்தின் செலவும் படிப்பின் செலவும் தனித்தனி அல்ல என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். நான் வேண்டுவது ஒன்றுதான்: பாஸ்புக்கை அவளிடம் காட்டுங்கள், எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவள் எழுதி வென்ற பணம். மது குடிக்கும் தகப்பன் இருக்கும் வீடென்றால், ஏ.டி.எம். அட்டை தாயிடமோ பிள்ளையிடமோ இருக்கட்டும். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

பெற்றோரின் முடிவுகளில் மிகப் பெரியது பத்தாம் வகுப்புக்குப் பிறகு வருகிறது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையைத் தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகை தருகிறோம் என்று தேடி வந்து அழைக்கும். வீட்டுக்குப் பெருமையாக இருக்கும். அங்கே போனால் என்.எம்.எம்.எஸ். தொகை அன்றோடு நின்றுவிடும். அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிகளில் தொடர்கிறவர்களுக்கு மட்டுமே அது உண்டு. இழப்பு அதோடு நிற்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் போய்விடும். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் போய்விடும். இரண்டு ஆண்டுக் கட்டணச் சலுகைக்கு இத்தனையையும் விட்டுக்கொடுப்பது லாபமா என்று தாளை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

புதுமைப்பெண்ணைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அதன் முந்தைய வடிவம் 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணின் திருமணத்துக்கு அரசு பணம் தந்தது. பெண்ணைப் பத்துவரை படிக்கவைக்க அது பெற்றோரைத் தூண்டியது. 2022இல் அந்தப் பணத்தைத் திருமணத்திலிருந்து எடுத்துக் கல்லூரிப் படிப்புக்கு மாற்றினார்கள். பெற்றோரை எந்த முடிவுக்குத் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தே ஓர் உதவித்தொகையின் பலன் அமையும். வங்கதேசம் 1994இல் நாடு முழுவதும் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை கொண்டுவந்தபோது மூன்று நிபந்தனைகள் வைத்தது: 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்வு வரை திருமணம் செய்யக்கூடாது. முதல் இரண்டும் பிள்ளை காப்பாற்ற வேண்டியவை. மூன்றாவது பெற்றோர் காப்பாற்ற வேண்டியது. என்.எம்.எம்.எஸ். விதிகளில் அப்படி எழுதப்படவில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புதுப்பித்தல் பட்டியலில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் விடுபட்டால், நான் முதலில் விசாரிப்பது மதிப்பெண்ணை அல்ல, வீட்டில் பெண் பார்க்க யாராவது வந்தார்களா என்பதைத்தான்.

அவள் தேர்வில் தேறவில்லை என்றால்? சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள், இருப்பது 6,695 இடம். திட்டாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர்; தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், வருமான வரம்பும் ஒரு லட்சம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தரும் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் உண்டு. நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது; ஆனால் அதையும் என்.எம்.எம்.எஸ்.ஸையும் ஒரே ஆண்டில் சேர்த்து வாங்க முடியாது, தொகை கூடியதைத் தேர்ந்தெடுங்கள். தேர்வே இல்லாத ஒன்றும் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது: வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் தரும் திட்டம். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் சொல்லிவையுங்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மகளின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு, வேலை இல்லாத ஒரு நாளில் பள்ளிக்குப் போய் எமிஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்க வேண்டாம். இப்போது வாங்கினால் அவள் ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பிக்கும் முன் காலாவதியாகிவிடலாம். தேர்வு முடிவு வந்ததும் மே மாதத்தில் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும்.